நிலா வெளிச்சம் முடிந்த பிறகு

ராத்திரி லைட்டை அணைத்துவிட்டு 'கிளேர் டி லூன்' கேட்டிருக்கிறீர்களா? நிலா வெளிச்சம் என்று அர்த்தம். முடிந்ததும் இதே மாதிரி இன்னொன்று வேண்டும் என்று மனசு கேட்கும். அதை எழுதிய கிளாட் டெபுஸியின் வாழ்க்கையையே பிளேலிஸ்டாக வைத்துக்கொள்ளுங்கள்.

1862-ல் பாரிஸ் அருகே பிறந்தவர். அப்பா பீங்கான் கடை வைத்து நஷ்டப்பட்டவர். 10 வயதில் பாரிஸ் கன்சர்வேட்டரியில் இடம் கிடைத்தது. அங்கே விதிக்கு அடங்காத ஸ்வரக் கூட்டுகளை வாசித்து வாத்தியார்களிடம் திட்டு வாங்கினார். (சிலபஸைத் தாண்டினால் நமக்கும் அதுதானே!)

1889-ல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் ஜாவாக்காரர்களின் கமலான் இசையைக் கேட்டு அசந்துபோனார். அந்த வெண்கல வாத்தியங்களின் ஓசை தட்டியதும் நின்றுவிடாது. ஒன்றின்மேல் ஒன்றாகக் கலந்து மிதக்கும். அந்த மிதப்பை 1903-ல் 'பகோட்' என்ற பியானோ இசையில் கொண்டுவந்தார். முதலில் அதைப் போடுங்க. அடுத்து 1910-ல் வந்த 'மூழ்கிய தேவாலயம்'. தண்ணிக்கடியில் மணி அடிக்கிற மாதிரியே இருக்கும். 'இம்ப்ரெஷனிஸ்ட்' என்று தேடினால் இதெல்லாம் வரும், ஆனால் அந்தப் பட்டம் அவருக்கே பிடிக்காது.

கடைசியாக 'சில்ட்ரன்ஸ் கார்னர்'. 1908-ல் வந்தது, சின்ன மகள் ஷூஷூவுக்காக எழுதியது. அதில் பனி ஆடுகிற பகுதியைத் தனியாக உட்கார்ந்து கேளுங்க. 1918 மார்ச்சில், ஜெர்மன் பீரங்கிகள் பாரிஸைத் தாக்கிக்கொண்டிருந்தபோது, டெபுஸி புற்றுநோயில் இறந்தார். அடுத்த வருஷமே டிப்தீரியா வந்து ஷூஷூவும் போய்விட்டாள். அவளுக்கு வயசு 13.