பாதியில் நிற்கும் தூக்கணாங்குருவிக் கூடு: காரணம் சொன்ன சாலிம் அலி யார்?

டெல்டா பக்கம் வாய்க்கால் ஓரப் பனைமரத்துல தூக்கணாங்குருவிக் கூடு தொங்குறதைப் பார்க்காதவங்க குறைவு. அதுல சில கூடுகள் பாதியிலேயே நிற்கும். ஏன்? இதைக் கவனித்து எழுதியவர் பறவையியலாளர் சாலிம் அலி.

யார் இவர்?

1896 நவம்பர் 12-ல் மும்பையில் பிறந்தவர். சின்ன வயசுலேயே பெற்றோரை இழந்து மாமா வீட்டில் வளர்ந்தார். ஒருநாள் ஏர் கன்னால் சுட்ட குருவியின் தொண்டையில் மஞ்சள் திட்டு. அது என்ன குருவின்னு தெரிஞ்சுக்க, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போனார். செயலாளர் மில்லார்ட் பாடம் செய்த பறவைகளை எடுத்துக் காட்ட, சிறுவனின் வாழ்க்கையே திசை மாறியது.

வேலை போனது, விடை கிடைத்தது

கல்லூரிப் பட்டம் இல்லை. ஜெர்மனியில் பயிற்சி பெற்று 1930-ல் திரும்பினால், நிதி இல்லைன்னு அருங்காட்சியக வேலையும் போயிருந்தது. மனைவி தெஹ்மினாவுடன் கிஹிம் என்ற கடலோர கிராமத்தில் குடியேறினார். அங்கேதான் தூக்கணாங்குருவியைக் கவனித்தார். ஆண் குருவி பாதிக் கூடு கட்டும். பெண் வந்து பார்த்து, பிடிச்சாதான் மீதி வேலை. பிடிக்கலைன்னா கூடு அப்படியே நிற்கும். ஜோடி சேர்ந்ததும் ஆண் அடுத்த கூட்டைக் கட்டக் கிளம்பிடும்.

கோடியக்கரையில் என்ன செய்தார்?

1960-களில் கோடியக்கரையின் அருமையை எடுத்துச் சொன்னார். 1967-ல் அது சரணாலயமானது. வலசைப் பறவைகளின் காலில் வளையம் மாட்டி, அவை போகும் வழியைத் தேடும் ஆய்வையும் அவரது கழகம் அங்கே நடத்தியது.

1976-ல் பத்ம விபூஷண் பெற்ற அவர், 1987 ஜூன் 20-ல் 90 வயதில் மறைந்தார். அன்று குருவியைச் சுட்ட கைதான், பின்னாளில் பூநாரைகளுக்கு ஒரு கரையைக் காப்பாற்றிக் கொடுத்தது.