மீன் தொட்டிக்குள் செடி நட்ட கெமிஸ்ட்: யார் இந்த ராபர்ட் வாரிங்டன்? அப்பா விட்ட புதிரை மகன் அவிழ்த்த கதை!

ஒரு கண்ணாடித் தொட்டி, கொஞ்சம் கலர் கல், நாலஞ்சு ஜோடி கப்பி மீன், ஒரு டப்பா தீனி. ஞாயிற்றுக்கிழமை ஆசையாக வாங்கி வந்து வைத்தால், அடுத்த ஞாயிறுக்குள் பாதி மீன் செத்து மிதக்கும். தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கு, தீனியும் நேரத்துக்குப் போட்டாச்சு, அப்புறம் ஏன் செத்துச்சு? முதல் முறை மீன் வளர்ப்பவர்களில் பலர் கேட்கும் கேள்வி இது.

இதற்கான பதிலில் பாதியை 1849-ல் லண்டனில் ஒரு கெமிஸ்ட் கண்டுபிடித்தார். மீதிப் பாதி கிடைக்க இன்னும் சுமார் 30 ஆண்டுகள் ஆயின. அதில் பெரிய பங்கு அவருடைய மகனுக்கு. இரண்டு பேருக்கும் ஒரே பெயர்தான்: ராபர்ட் வாரிங்டன்.

பீர் ஆலையில் இருந்து மருந்துக் கூடத்துக்கு

பெரிய வாரிங்டன் பிறந்தது 1807 செப்டம்பர் 7-ம் தேதி, இங்கிலாந்தின் ஷியர்னெஸ் என்ற துறைமுக ஊரில். 15 வயதிலேயே ஒரு வேதியியல் ஆசிரியரிடம் தொழில் பழகச் சேர்ந்துவிட்டார். பிறகு லண்டனில் ஒரு பேராசிரியருக்கு உதவியாளர், அடுத்து சுமார் எட்டு வருஷம் ஒரு பெரிய பீர் ஆலையில் கெமிஸ்ட்.

1841-ல் லண்டனில் இருந்த வேதியியல்காரர்களை எல்லாம் கூப்பிட்டு உட்கார வைத்து, கெமிக்கல் சொசைட்டி என்ற அமைப்பு உருவாகக் காரணமாக இருந்தவர் இவர்தான். இன்றைய ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரியின் ஆரம்பம் அது. அதில் பத்து வருஷம் செயலாளராகவும் இருந்தார்.

1842-ல் லண்டன் மருந்தாளர் சங்கமான அப்போதிக்கரீஸ் சொசைட்டியில் வேலை கிடைத்தது. சங்கத்தின் கட்டடத்திலேயே குடும்பத்தோடு குடியேறினார். அங்கே மருந்துகளின் தரம் பார்ப்பது வேலை என்பதால், கலப்படத்தைக் கண்டுபிடிப்பதில் கை தேர்ந்தவர். சீனாவில் இருந்து வந்த கிரீன் டீயைச் சோதித்து, அந்தப் பச்சை நிறத்துக்குக் காரணம் இலை மட்டும் இல்லை, பிரஷ்யன் ப்ளூ என்ற நீலச் சாயமும் ஜிப்சமும்தான் என்று 1844-ல் எழுதினார். இன்று நடந்திருந்தால் பிரேக்கிங் நியூஸ் ஆகியிருக்கும்.

எதையும் பிரித்து, எது எங்கிருந்து வந்தது, எங்கே போகிறது என்று பார்க்கும் இந்தப் பழக்கம்தான் அவரை மீன் தொட்டி வரை கொண்டு போனது.

தண்ணீர் மாற்றாமல் மீன் வாழுமா?

அந்தக் காலத்தில் தங்கமீனை உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்து வளர்ப்பார்கள். அடிக்கடி தண்ணீர் மாற்றியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் மீன் மூச்சுத் திணறிச் செத்துவிடும்.

செடிகள் காற்றைச் சரிப்படுத்துகின்றன என்று 1770-களிலேயே ஜோசப் பிரீஸ்ட்லி காட்டியிருந்தார். அதற்கு வெளிச்சம் தேவை என்பதை 1779-ல் யான் இங்கன்ஹவுஸ் நிரூபித்தார். அப்படியானால் தண்ணீருக்குள்ளும் மீன் விடும் கார்பன் டை ஆக்ஸைடைச் செடி எடுத்துக்கொண்டு, ஆக்ஸிஜனைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் இல்லையா? வாரிங்டன் இதைத்தான் சோதிக்க நினைத்தார்.

சுமார் 54 லிட்டர் கொள்ளும் ஒரு பெரிய கண்ணாடிப் பாத்திரம். அதில் பாதி அளவுக்கு ஊற்றுத் தண்ணீர். அடியில் மணலும் சேறும். மீன்கள் வெயிலுக்கு ஒதுங்க நாலு கல். சேற்றில் வேர் ஊன்றிய வாலிஸ்னேரியா செடி, நாடா போல நீளமாக வளருமே, அதேதான். இன்றைக்கும் வண்ண மீன் கடைகளில் புதுசாகத் தொட்டி வைப்பவர்களுக்கு எடுத்துக் கொடுக்கும் செடி. கடைசியாக, இரண்டு சின்னத் தங்கமீன்கள்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. அப்புறம் வாலிஸ்னேரியாவின் பழைய இலைகள் அழுக ஆரம்பித்தன. தண்ணீர் கலங்கியது. மேலேயும் கண்ணாடியிலும் பச்சைப் பாசி படர்ந்தது. செடி இருந்தும் மீனுக்கு ஆபத்து.

இந்த இடத்தில் வேறொருவராக இருந்தால் தண்ணீரைக் கொட்டிவிட்டு முதலில் இருந்து தொடங்கியிருப்பார். வாரிங்டன் இயற்கையான குளத்தில் இந்த அழுகலை யார் சுத்தம் செய்கிறார்கள் என்று யோசித்தார். பதில், நத்தை! ஐந்தாறு குளத்து நத்தைகளைக் கொண்டு வந்து விட்டார். அவை அழுகிய இலையையும் பாசியையும் தின்று தீர்த்தன, தண்ணீர் தெளிந்தது. போதாததற்கு நத்தைகள் இட்ட முட்டை மீன்களுக்குத் தீனியும் ஆனது.

மீன், செடி, நத்தை. இந்த மூன்றும் ஒன்றையொன்று தாங்கிப் பிடிக்கும் என்ற முடிவை 1850-ல் கெமிக்கல் சொசைட்டியின் இதழில் வெளியிட்டார்.

உண்மையில் தண்ணீர் உயிர்களைக் கண்ணாடிக்குள் வைத்துப் பார்த்த முதல் ஆள் இவர் இல்லை. 1832-லேயே இத்தாலியின் சிசிலித் தீவில் ஜீன் வில்பிரூ-பவர் என்ற பெண் விஞ்ஞானி, கடல் உயிரினங்களை ஆராய கண்ணாடித் தொட்டி செய்திருந்தார். வாரிங்டனின் பங்கு வேறு. நன்னீர்த் தொட்டி ஏன் நிலைத்து நிற்கிறது என்பதற்கு வேதியியல் கணக்குப் போட்டுக் காட்டினார்.

ஊரெங்கும் தொட்டி மோகம்

நேரமும் சாதகமாக இருந்தது. 1845-ல் பிரிட்டன் கண்ணாடி மீதான வரியை நீக்கியதால் விலை இறங்கியிருந்தது. 1853-ல் லண்டன் மிருகக்காட்சி சாலையில் பொதுமக்களுக்கான மீன் கூடம் திறந்தது. 1852 வாக்கில் வாரிங்டன் கடல் நீரிலும் தன் சோதனையைச் செய்துகொண்டிருந்தார். அதே நேரத்தில் பிலிப் ஹென்றி காஸ் என்ற இயற்கை ஆய்வாளரும் தனியாக அதையே செய்தார். 1854-ல் காஸ் எழுதிய புத்தகம்தான் அக்வேரியம் என்ற சொல்லை வீடு வீடாகக் கொண்டு சேர்த்தது. புகழும் பெரும்பாலும் காஸுக்கே போனது.

வாரிங்டன் 1864-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். 1867 நவம்பரில் இறந்தார்.

அவர் கண்ணுக்குத் தெரியாமல் போனது எது?

வாரிங்டனின் கணக்கில் ஒரு ஓட்டை இருந்தது. மூச்சு விடும் வாயுக்களை மட்டுமே அவர் முக்கியமாகப் பார்த்தார். ஆனால் மீன் செவுள் வழியாகவும் கழிவு வழியாகவும் அம்மோனியாவை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். மிச்சமான தீனி அழுகினாலும் அம்மோனியாதான். அளவு கூடினால் செவுளையே பொசுக்கிவிடும். தண்ணீரோ கண்ணாடி போலவே இருக்கும்! முதல் வாரத்தில் மீன் சாவதற்கு முக்கியமான காரணம் இது.

அவருடைய தொட்டியில் அந்த அம்மோனியா எங்கே போனது? கொஞ்சத்தைச் செடி எடுத்துக்கொண்டிருக்கும். மீதியைக் கவனித்தது, அடியில் அவர் போட்ட சேறும் மணலும்தான். அதற்குள் இருந்த பாக்டீரியாக்கள் அவருக்குத் தெரியாது. 1849-ல் யாருக்குமே தெரியாது.

அந்தத் தொட்டி வைக்கப்பட்டபோது மகன் ராபர்ட்டுக்குப் பத்து, பதினோரு வயசு. அப்பாவின் ஆய்வகத்திலேயே வேதியியல் பழகிய பையன். வளர்ந்து விவசாய வேதியியலுக்குப் போனார். 1870-களின் கடைசியில் ராதம்ஸ்டெட் என்ற புகழ்பெற்ற விவசாய ஆய்வு நிலையத்தில் அவர் கையில் எடுத்த கேள்வி: மண்ணில் அம்மோனியா எப்படி நைட்ரேட்டாக மாறுகிறது?

1877-ல் ஷ்லோசிங், முன்ட்ஸ் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள், இது நுண்ணுயிரிகளின் வேலை என்று காட்டினார்கள். மகன் வாரிங்டன் அதை உறுதி செய்ததோடு அடுத்த படிக்குப் போனார். இது ஒரே உயிரி செய்யும் வேலை இல்லை. ஒன்று அம்மோனியாவை நைட்ரைட் ஆக்குகிறது, இன்னொன்று அந்த நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்குகிறது. பல வருஷம் போராடியும் அந்தப் பாக்டீரியாவை அவரால் தனியாகப் பிரித்தெடுக்க முடியவில்லை. 1890-ல் அதைச் சாதித்துப் பெயர் வாங்கியவர் ரஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி. அப்பாவுக்குக் காஸ், மகனுக்கு வினோகிராட்ஸ்கி. குடும்ப ராசி போல!

மகன் ஆராய்ந்தது வயல் மண்ணை, மீன் தொட்டியை அல்ல. ஆனால் மீன் வளர்ப்பவர்கள் இன்று தொட்டியை 'சைக்கிள்' செய்வது என்று சொல்கிறார்களே, அது இந்த இரண்டு கட்ட மாற்றம்தான். அம்மோனியாவும் நைட்ரைட்டும் மீனுக்கு விஷம். நைட்ரேட் குறைந்த அளவில் பெரிய தொல்லை தராது, செடிக்கு உரமும் ஆகும்.

இன்று தொட்டி வைப்பவர் என்ன செய்ய வேண்டும்?

முதலில் மண், செடி, தண்ணீர், ஃபில்டர். மீன் கடைசியில். பாக்டீரியா பெருக பொதுவாக நாலு முதல் ஆறு வாரம் ஆகும், அதற்கு அம்மோனியா கொஞ்சமாவது தண்ணீரில் இருக்க வேண்டும். வெறும் தொட்டியில் சிட்டிகை தீனி போட்டு அழுக விடுவது ஒரு வழி. அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்துவிட்டதா என்று டெஸ்ட் கிட் வைத்துப் பார்த்த பிறகு கப்பி, ஜீப்ரா டேனியோ மாதிரி சின்ன மீன்களில் நாலைந்தை மட்டும் விடலாம். மீதியை இரண்டு வாரம் கழித்து வாங்கலாம், கடை எங்கேயும் ஓடிப் போகாது.

வாரிங்டன் பயன்படுத்தியது ஊற்றுத் தண்ணீர், அதில் குளோரின் கிடையாது. குழாய்த் தண்ணீரில் இருக்கலாம், அது மீனையும் பாதிக்கும், பாக்டீரியாவையும் கொல்லும். குளோரின் நீக்கும் மருந்து சேர்த்துத்தான் ஊற்ற வேண்டும். ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் அலசினாலும் இதே கதிதான். தொட்டியில் இருந்து எடுத்த தண்ணீரில் அலசினால் போதும். லைட் ஒரு நாளைக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம். அதற்கு மேல் எரிந்தால் பாசிக்குத்தான் கொண்டாட்டம்.

வாங்கி வந்த செடியின் இலையில் குட்டி நத்தை ஒட்டியிருந்தால், அதைக் கொல்ல மருந்து கேட்டு உடனே கடைக்கு ஓடுபவர்கள் உண்டு. தீனியைக் குறைத்துப் போட்டால் நத்தையும் அளவாகத்தான் பெருகும். பாசியையும் அழுகல் இலையையும் அது பாட்டுக்குத் தின்றுகொண்டிருக்கும்.