விட்டம் தேடி வந்தவர்

ஆவடியை அடுத்த முத்தாபுதுப்பேட்டையில் ஒரு படிப்பகக் கூட்டம். பேசி முடித்ததும் ஆலைத் தோழர் ஒருவர் எழுந்தார். பூமி சூரியனைச் சுற்றும் வேகத்தை அளந்தவன் எவன், எந்த நாடாவால் அளந்தான் என்று மடக்கினார். நல்ல கேள்வி! விடை அவர் கைபட்ட லேத்திலேயே இருக்கிறது.

சுழலும் உருளையின் விட்டம் டர்னருக்குத் தெரியும். நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதும் தெரியும். விட்டத்தை 22/7-ஆல் பெருக்கினால் சுற்றளவு. அதைச் சுற்றுகளால் பெருக்கினால் வேகம். பூமிக்கும் அதே கணக்குத்தான். ஒரு சுற்றுக்கு ஓராண்டு. அது ஏரோட்டும் உழவனுக்கும் தெரிந்தது. தெரியாமல் இருந்தது விட்டம்! சூரியன் எவ்வளவு தொலைவில் இருக்கிறது? அந்த ஒரே எண்ணுக்காகப் பதினொரு ஆண்டுகளைப் பறிகொடுத்து, நமது புதுவை மண்ணிலே வந்து நின்றவர்தான் பிரெஞ்சு வானியல் அறிஞர் கியோம் லெ ஜாந்தி.

1725-இல் பிறந்தவர். பாதிரியாராகும் எண்ணத்தோடு பாரிசுக்குப் படிக்கச் சென்றவர், வானியல் சொற்பொழிவு கேட்டு விண்ணின் பக்கம் திரும்பினார்.

முகத்துக்கு நேரே கட்டைவிரலை நீட்டி, ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். விரல் இடம் மாறுவது போலத் தோன்றும். அந்த மாற்றத்தைக் கொண்டு விரலின் தொலைவைச் சொல்லிவிடலாம். சூரியன் முகத்தில் வெள்ளிக் கோள் கரும்புள்ளியாய்க் கடக்கும்போது, உலகின் பல மூலைகளில் இருந்து நேரம் குறித்தால், சூரியனின் தொலைவு கிடைக்கும். அந்தக் காட்சி 1761-இல் வரும், 1769-இல் வரும், தவறினால் 1874 வரை காத்திருக்க வேண்டும்!

1760-இல் கப்பலேறினார் லெ ஜாந்தி. புதுவைக்குத்தான் பயணம். ஆனால் 1761 சனவரியிலேயே புதுவையை ஆங்கிலேயர் பிடித்துவிட்டனர். மலையாளக் கரையை நெருங்கியபோதுதான் செய்தி எட்டியது, கப்பல் திரும்பியது. சூன் 6: வானம் தெளிவு, வெள்ளி கடந்தது, அவரோ ஆடும் கப்பலில், அளக்க வழியின்றி நின்றார்!

ஊர் திரும்பினாரா? இல்லை. எட்டாண்டு காத்திருந்தார். 1768-இல், பிரெஞ்சுக்காரர் கைக்கு மீண்ட புதுவைக்கு வந்து, இடிந்த கோட்டையின் மேலே ஆய்வுக்கூடம் அமைத்தார். இங்கே தமிழரின் கணக்கையும் கற்றார். ஏடும் எழுத்தாணியும் இன்றிச் சோழிகளை வரிசையாக வைத்துக் கிரகணம் கணிப்பதைக் கண்டு வியந்தார். 1765-ஆம் ஆண்டுச் சந்திர கிரகணத்தின் கால அளவில் தமிழ்க் கணக்கு 41 வினாடி குறைந்தது. ஐரோப்பியப் பட்டியலோ 68 வினாடி மிகுந்தது! அத்தகைய அறிவை நாள் பார்க்கவும் நேரம் குறிக்கவுமே பஞ்சாங்கத்துக்குள் பூட்டி வைத்தோமே, அது யார் குற்றம்?

1769 சூன் 4, விடியற்காலை. எட்டாண்டு எதிர்பார்த்த வேளை. மேகம் மூடியது! வெள்ளி விலகிய பின்னரே வெயில் சிரித்தது. இரு வாரங்களுக்கு மேல் அவருக்குப் பேனா பிடிக்கவும் மனமில்லை. நோயோடும் புயலோடும் போராடி 1771-இல் நாடு திரும்பினால், அவர் இறந்ததாகக் கருதி உறவினர் சொத்துக்குப் போட்டியிட்டனர். அறிவியல் கழகத்தில் அவர் இடம் இன்னொருவருக்குப் போயிருந்தது. பிறகு அந்த இடம் மீண்டது, மணம் புரிந்தார், பயண நூல் எழுதினார், 1792-இல் மறைந்தார்.

அப்படியானால் தோல்வியா? அவருக்குத் தோல்வி; அறிவுக்கு அல்ல! மேகம் மூடாத இடங்களில் மற்றவர் அளந்தனர். பகைநாடுகளின் குறிப்புகளையும் ஒன்றாய்க் கூட்டி, 1771-இல் ஆங்கிலேயரான ஹார்ன்ஸ்பி கண்ட தொலைவு, இன்றைய 14 கோடியே 96 லட்சம் கிலோமீட்டருக்கு நூற்றில் ஒரு பங்குகூட வேறுபடவில்லை. அதை இரட்டித்தால் விட்டம். அந்த வட்டத்தின் சுற்றளவு 94 கோடி. ஓராண்டின் வினாடிகளால் வகுத்தால், வினாடிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர்! ஆவடியில் மின்ரயில் ஏறினால் சென்ட்ரல் சேர முக்கால் மணி ஆகிறதே, அந்தத் தொலைவை நம் பூமி ஒரே வினாடிக்குள் தாண்டிவிடுகிறது.

ஒருவர் கண்ணை மேகம் மறைக்கலாம் தோழர்களே. ஊரெங்கும் கண்கள் விழித்திருந்தால், உண்மையை எந்த மேகமும் மறைக்க முடியாது!