அளவுக்கே அளவு தந்த தொழிலாளி



உங்கள் பள்ளிப் பையிலுள்ள அடிக்கோலைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் சென்டிமீட்டர் இருக்கும். மறுபக்கம் அங்குலமும் இருந்தால், ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர் என்று கணக்கு வகுப்பில் படித்தது நினைவுக்கு வரும். அந்த எண் வானத்திலிருந்து விழுந்ததல்ல. அது உலகில் நிலைபெற உழைத்தவர்களில் முக்கியமானவர் ஒரு துப்பாக்கித் தொழிற்சாலைத் தொழிலாளி. அவர் பெயர் கார்ல் எட்வர்ட் ஜோஹான்சன்.

1864-ஆம் ஆண்டு மார்ச் 15-ஆம் நாள், சுவீடன் நாட்டில் ஆர்போகா நகருக்குப் பக்கத்துக் கிராமமொன்றில் அவர் பிறந்தார். பிழைப்புத் தேடி ஊரைவிட்டுக் கப்பலேறிய கதை நம் முன்னோர்களுக்கு மட்டும் சொந்தமானதல்ல. 1882-இல், 18 வயதில், ஜோஹான்சனும் தம் சகோதரரோடு அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்துக்குப் போனார். அங்கே மரத் தொழிலில் உழைத்தார். உழைப்போடு நின்றுவிடாமல் செயின்ட் பீட்டர் என்னும் ஊரிலிருந்த கல்லூரியிலும் சேர்ந்து படித்தார். சில ஆண்டுகளில் தாய்நாடு திரும்பி, எஸ்கில்ஸ்டூனா நகரில் பட்டறைத் தொழில் பழகினார். பகலெல்லாம் வேலை, வேலை முடிந்ததும் மாலைப் பள்ளி. பிறகு அதே நகரிலிருந்த அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலைக்கு அமர்ந்தார்.

அங்கேதான் அவருக்கு ஒரு பெரிய சிக்கல் கண்ணில் பட்டது. துப்பாக்கிக்கு எத்தனையோ உறுப்புகள் உண்டு. ஒருவர் செய்த திருகு இன்னொருவர் போட்ட துளைக்குள் அரம் தேய்க்காமல் பொருந்த வேண்டும். அதற்காக, செய்யும் சாமானை வைத்துச் சரிபார்க்க, மிகச் சரியான அளவில் செய்த எஃகுத் துண்டுகளைப் பட்டறைகளில் வைத்திருப்பார்கள். அவற்றைக் கேஜ் என்பார்கள். ஓர் அளவுக்கு ஒரு கேஜ் என்று வைத்தால் என்ன ஆகும்? ஆயிரம் அளவுக்கு ஆயிரம் கேஜ் வேண்டும். செலவு ஒரு பக்கம், செய்து முடிக்க ஆகும் காலம் ஒரு பக்கம்!

1896-இல் ஜெர்மனியில் ஓபெர்ன்டார்ஃப் ஊரிலுள்ள மவுசர் துப்பாக்கித் தொழிற்சாலையைப் பார்த்துவர அவரை அனுப்பினார்கள். அங்கும் ஏகப்பட்ட கேஜ்கள்தான். ஊருக்குத் திரும்பும்போது, ரயில் வண்டியில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே வந்தார். கேஜ்களைத் தனித்தனியாகப் பயன்படுத்தாமல், ஒன்றோடு ஒன்று சேர்த்துக் கூட்டினால் என்ன? இதுதான் அவருக்குத் தோன்றிய எண்ணம். ரொம்பச் சின்ன யோசனை மாதிரி இருக்கிறதல்லவா? ஆனால் அதன் பலனைப் பாருங்கள்.

மொத்தம் 102 கட்டைகள். 1.01 மில்லிமீட்டரிலிருந்து 1.49 வரை நூறில் ஒரு பங்காக ஏறும் 49 கட்டைகள். 0.5-இலிருந்து 24.5 வரை அரை அரையாக ஏறும் 49 கட்டைகள். அப்புறம் 25, 50, 75, 100 என்று நான்கு பெரிய கட்டைகள். அவ்வளவுதான்! இவற்றைக் கொண்டு 1 மில்லிமீட்டரிலிருந்து 201 மில்லிமீட்டர் வரை சுமார் 20,000 அளவுகளை உண்டாக்கலாம். 38.76 வேண்டுமா? 1.26, 12.5, 25 ஆகிய மூன்றையும் சேருங்கள், சரியாக வரும். 57.19 எப்படி வரும்? அதையும் மூன்றே கட்டைகளில் செய்யலாம். இன்றிரவு வீட்டில் பென்சிலும் தாளும் எடுத்துப் போட்டுப் பாருங்கள், தம்பி தங்கைகளே!

கணக்குப் போடுவது சுலபம். கட்டை செய்வதுதான் கஷ்டம். மூன்று கட்டைகள் சேரும்போது மூன்றின் பிழைகளும் சேர்ந்துவிடும். ஆகவே ஒவ்வொரு கட்டையும் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குத் துல்லியமாக இருக்க வேண்டும் என்று கருதினார். அது ஒரு தலைமயிரின் தடிப்பில் எழுபதில் ஒரு பங்குபோல இருக்கும். இதற்கு அவர் பெரிய ஆய்வுக்கூடம் தேடிப் போனாரா? இல்லை. மனைவியின் தையல் மெஷினைத் தேய்ப்பு இயந்திரமாக மாற்றி, வீட்டிலேயே உட்கார்ந்து தேய்த்தார். மிதித்து மிதித்து, தேய்த்துத் தேய்த்து, அளந்து அளந்து பார்த்தார்.

அவர் கட்டைகளின் முகங்கள் கண்ணாடிபோல் வழவழப்பானவை. சுத்தமாகத் துடைத்து, ஒன்றன்மேல் ஒன்றை வைத்து அழுத்தித் தள்ளினால் ஒட்டிக்கொள்ளும். பசை கிடையாது, காந்தமும் கிடையாது! நடுவில் இடைவெளி இல்லாததால் கூட்டுத்தொகை பிசகாது. 1901-ஆம் ஆண்டு மே 2-ஆம் நாள் இந்த அளவுக் கட்டைத் தொகுதிக்குச் சுவீடன் அரசாங்கம் அவருக்குப் பேட்டண்ட் உரிமை வழங்கியது. 1917-இல் தம் பெயரிலேயே கம்பெனி அமைத்தார்.

இரும்பு சூட்டில் நீளும் என்பது நீங்கள் அறிந்ததே. 100 மில்லிமீட்டர் எஃகு, ஒரு டிகிரி சூடு ஏறினாலே ஆயிரத்தில் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் நீண்டுவிடும். கைச்சூடு போதும், அளவைக் கெடுக்க! அதனால் தம் கட்டைகளின் அளவை 20 டிகிரி செல்சியசுக்கென்று வகுத்தார். 1931-இல் உலக நாடுகளின் அளவைக் குழுவும் அந்த 20 டிகிரியையே ஏற்றது.

அங்குலத்திலும் ஒரு தகராறு இருந்தது. அமெரிக்க அங்குலம் 25.4 மில்லிமீட்டருக்கு மயிரிழை கூடுதல். ஆங்கிலேய அங்குலம் மயிரிழை குறைவு. 1912-இல் அங்குலக் கட்டைகள் செய்யத் தொடங்கியபோது, ஜோஹான்சன் நடுவில் நின்று 25.4 என்று வைத்தார். அவர் கட்டைகள் போன இடமெல்லாம் அந்த அளவும் போயிற்று. 1930-இல் பிரிட்டிஷ் தொழில்துறையும் 1933-இல் அமெரிக்கத் தொழில்துறையும் அதை ஏற்றன. 1959-இல் ஆங்கிலம் பேசும் நாடுகள் ஒப்பந்தம் செய்து அதையே பொது அங்குலமாக்கின.

1923-இல், கார்களை இலட்சக்கணக்கில் செய்துவந்த ஹென்றி ஃபோர்டின் கம்பெனியில் சேர்ந்தார். ஒரு காலத்தில் பிழைப்புத் தேடிப் போன அதே அமெரிக்காவுக்கு, 59 வயதில் அளவை மேதையாகப் போனார். 1936 வரை அங்கே இருந்து, 72 வயதில் நாடு திரும்பினார். 1943 செப்டம்பர் 30-ஆம் நாள் காலமானார். அதே ஆண்டு சுவீடன் பொறியியல் கழகத்தின் பெரிய தங்கப் பதக்கம் அவருக்கு அளிக்கப்பட்டது. அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை.

தோழர்களே! உங்கள் மோட்டார் சைக்கிளுக்குக் கடையில் வாங்கிய சாமான் அப்படியே பொருந்துகிறதே, எங்கோ ஒரு நாட்டில் முன்பின் தெரியாத ஒருவர் செய்தது எப்படிப் பொருந்துகிறது? இருவரும் ஒரே அளவுக்குக் கட்டுப்பட்டதால்தான். அந்தக் கட்டுப்பாட்டுக்கு வழி காட்டியவர்களில் ஒருவர், வேலை முடிந்த களைப்பிலும் மாலைப் பள்ளிக்குப் போன தொழிலாளி.

பெற்றோர்களே, பிள்ளை வேலைக்குப் போய்விட்டான், இனி அவனுக்கு எதற்குப் படிப்பு என்று விட்டுவிடாதீர்கள். மாலை வகுப்புக்குப் போகிறேன் என்றால் மகிழ்ந்து அனுப்புங்கள். மாணவர்களே, இன்று பரிசு வாங்குகிறவர்கள் நிமிர்ந்து நில்லுங்கள், வாங்காதவர்கள் சோர்ந்துவிடாதீர்கள். செய்யும் வேலை சின்னதாக இருக்கலாம். கோடு போட்டாலும் சரி, மரம் சீவினாலும் சரி, பரவாயில்லை என்று பாதியில் விடாமல் சரியாகச் செய்து பழகுங்கள். ஜோஹான்சன் தையல் மெஷினில் உட்கார்ந்து செய்ததும் அதைத்தான்.