வெள்ளைச் சேலையோடு மேடைக்கு மீண்டவர்

நம் கல்லூரியில் கலைவிழா என்றால் ஒளவையார் வராத ஆண்டு குறைவு. நெற்றி நிறையத் திருநீறு, கையில் ஒரு பூவரசங் கம்பு, யாரோ ஒருவரின் அம்மம்மாவிடம் இரவல் வாங்கிய வெள்ளைச் சேலை. அந்த வேடத்தைப் போட்ட ஒவ்வொருத்தியும் தன்னையறியாமல் ஒரே ஒருவரைத்தான் பின்பற்றினாள். அவர்தான் கொடுமுடி கே. பி. சுந்தராம்பாள் அம்மையார். குறிகட்டுவானில் வள்ளம் ஏறும்போதே நயினை அம்மன் கோயில் ஒலிபெருக்கியில் அவர் குரல் கடல் கடந்து வந்துவிடும். திரையில் கிழவியாகவே அவரைக் கண்ட நமக்கு, இருபத்தைந்து வயதில் அவர் வாழ்வே முடிந்துவிட்டதென ஊரார் எண்ணியிருந்த கதை அவ்வளவாகத் தெரியாது.

1908இல் காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் வறிய குடும்பமொன்றிற் பிறந்தார். ரயில் வண்டியில் பாடித் திரிந்த சிறுமியின் குரலைக் கேட்டவர்களே அவரை நாடக மேடைக்குக் கொண்டு சேர்த்தார்கள். ஒலிவாங்கி இல்லாத காலம் அது. கொட்டகையின் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் கேட்கவேண்டுமானால் தொண்டை ஒன்றே துணை.

அவருடைய வாழ்வைத் திருப்பிப்போட்டது நம் இலங்கைதான். 1926 அளவில் கொழும்பு மேடையில் அவருடன் நடிக்க வந்தார் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா. மிக உயர்ந்த சுருதியிற் பாடிச் சபையைக் கட்டிப்போடும் அந்த இளைஞருக்கு இந்தப் பெண் ஈடுகொடுப்பாளா என்று ஐயப்பட்டவர்கள் உண்டு. ஈடுகொடுத்தார். அடுத்த ஆண்டு இருவரும் மணந்துகொண்டனர். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே மனைவி இருந்தார். பிணக்கும் பிரிவும் மிகுந்த இல்லறம் அது. குடியும் நோயும் சேர்ந்து 1933 டிசம்பரில் கிட்டப்பாவின் உயிரைக் கொண்டுபோயின.

சுந்தராம்பாள் நகைகளைக் கழற்றினார். வெள்ளைச் சேலை உடுத்தார். மேடையை விட்டுக் கொடுமுடிக்குப் போய் ஒதுங்கினார். வெள்ளைச் சேலைக்குள் ஒடுங்கிப்போன பெண்களை நம் தீவுகளில் வீட்டுக்கு வீடு கண்டு வளர்ந்தவர்கள் நாம். நல்ல காரியம் நடக்கும் வீட்டில் அவர்கள் அடுப்படியை விட்டு முன்னுக்கு வருவதில்லை. அப்படியான காலத்தில், அதுவும் நாடகக்காரி என்ற சொல்லே இழிவாக வழங்கிய காலத்தில், ஒரு கைம்பெண் மீண்டும் சபை நடுவே வந்து நிற்பது சின்னக் காரியமா?

காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி முதலானோர் வற்புறுத்தினர். அவர் திரும்பி வந்தார். ஆனால் தன் நிபந்தனைகளோடு வந்தார். எந்த ஆணுக்கும் சோடியாக நடிப்பதில்லை என்பது அவற்றுள் முதன்மையானது. அதனால் முதலிற் கச்சேரி மேடை. பின்னர் 1935இல் 'பக்த நந்தனார்' படத்தில் ஆண் வேடமே ஏற்று நந்தனாராக நடித்தார். ஆண் வேடமும் நாமே போட்டுப் பழகிய மகளிர் கல்லூரிக்காரருக்கு இதில் வியப்பில்லை! படம் வேண்டாமென்று தட்டிக்கழிக்கவே ஓர் இலட்சம் ரூபா கேட்டாராம், தயாரிப்பாளர் கொடுத்துவிட்டார். அந்நாளில் அது மலைக்கவைக்கும் தொகை.

படமோ பெயர் பெறவில்லை. அதில் மரமும் எருமையுமே நன்றாக நடித்திருந்தன என்ற பொருளில் கல்கி கேலியாக விமர்சனம் எழுதினார். துக்கத்திலிருந்து அப்போதுதான் எழுந்து வந்தவருக்கு இந்த அடி எப்படி இருந்திருக்கும்? ஆயினும் அவர் மறுபடி ஒதுங்கவில்லை. 1940இல் 'மணிமேகலை'யில் துறவியாக நடித்தார். இடையிடையே கச்சேரிகள், விடுதலை இயக்க மேடைகள், இசைத்தட்டுகள். பலரும் 'ஒளவையார்' வெற்றியையே பெரிதாகப் பேசுவர். எனக்கென்னவோ வெற்றி வராத இந்த இடைப்பட்ட ஆண்டுகளே பெரிதாகப் படுகின்றன.

1951இல் சென்னை மேலவை உறுப்பினரானார். 1953இல் ஜெமினி வாசனின் 'ஒளவையார்' வெளிவந்தது. துக்கத்துக்கென உடுத்த வெள்ளைச் சேலையும் திருநீறும் அந்தப் பாட்டிக்கு இயல்பாகவே பொருந்திப்போயின. பின்னர் 'பூம்புகார்' படத்திற் கவுந்தியடிகள், 'திருவிளையாடல்' படத்தில் மீண்டும் ஒளவை, 'காரைக்கால் அம்மையார்' என்று அவருக்கென்றே வேடங்கள் வந்தன. 'துணைவன்' படப் பாடலுக்குத் தேசிய விருது கிடைத்தது; 1970இல் பத்மஶ்ரீ பட்டம். 1980இல் காலமானார். கிட்டப்பாவுக்குப் பின் வாழ்ந்த நாற்பத்தேழு ஆண்டுகளும் அவர் வெள்ளையைத் தவிர வேறு நிறம் உடுத்தவில்லை; பாடுவதையும் விடவில்லை.

அடுத்த கலைவிழாவில் நம் பிள்ளைகளில் ஒருத்தி ஒளவையாக வேடமிட்டால், கம்பைக் கையிற் கொடுக்கும்போது இந்தக் கதையையும் யாராவது அவளுக்குச் சொல்லுங்கள்.