தூரிகை பிடித்த சர்ச்சில்

வின்ஸ்டன் சர்ச்சில் என்றதும் வாயில் சுருட்டும் கையில் தடியும்தான் நம் கண் முன்னே வரும். அந்தக் கையில் இன்னொன்றும் இருந்தது. அதுதான் தூரிகை!

நாற்பது வயது வரை அவர் வண்ணம் தொட்டவர் அல்ல. தொட வைத்தது ஒரு தோல்வி.

1915-ம் ஆண்டு. முதல் உலக யுத்தம் நடந்து கொண்டிருந்தது. சர்ச்சில் இங்கிலாந்தின் கடற்படை மந்திரி. கப்பல்களை அனுப்பி, துருக்கியின் டார்டனல்ஸ் ஜலசந்தியைப் பிடித்து விடலாம் என்று அவர் வாதாடினார். முயற்சி தோற்றது. பிறகு தரைப்படை இறங்கியது. ஆயிரக்கணக்கான வீரர்கள் மாண்டார்கள். பழி சர்ச்சில் தலையில் விழுந்தது. மே மாதம் கடற்படை இலாகா பறிபோனது. பெயருக்கு ஒரு சிறிய பதவி கொடுத்தார்கள். அதில் வேலை ஒன்றும் இல்லை.

நேற்று வரை பெரும் கடற்படையை நடத்தியவர், இன்று சும்மா உட்கார வேண்டும். துக்கத்தால் கணவர் செத்தே போவார் என்று மனைவி கிளமன்டைன் பயந்தார்.

குழந்தைகளின் வண்ணப்பெட்டி

அந்தக் கோடையில் சர்ரே பகுதியில் ஒரு பண்ணை வீட்டில் குடும்பம் தங்கியது. சர்ச்சிலின் தம்பி மனைவி க்வென்டலின் தோட்டத்தில் அமர்ந்து நீர் வண்ணத்தில் படம் தீட்டிக் கொண்டிருந்தார். சர்ச்சில் வேடிக்கை பார்த்தார். குழந்தைகளின் வண்ணப்பெட்டியைக் கொடுத்து, அவரையும் தீட்டிப் பார்க்கச் சொன்னார் க்வென்டலின்.

ஆசை பிடித்துக் கொண்டது. சீக்கிரமே எண்ணெய் வண்ணத்துக்கு மாறினார். நீர் வண்ணத்தில் தவறு செய்தால் மறைப்பது கஷ்டம். எண்ணெய் வண்ணத்தில் பிழையைக் கத்தியால் சுரண்டி எடுத்து விட்டு, அதே இடத்தில் மறுபடியும் தீட்டலாம். புதிதாகக் கற்பவருக்கு வேறு என்ன வேண்டும்?

ஆனாலும் வெள்ளைக் கித்தானைக் கண்டதும் பயம் வந்து விட்டது. சின்னத் தூரிகையால் வானத்தில் ஒரு துளி நீலம் வைத்தார். அவ்வளவுதான், கை நின்று விட்டது. போர்க் கப்பல்களை ஏவத் தயங்காத கை!

அப்போது ஒரு கார் வந்து நின்றது. ஓவியர் ஜான் லேவரியின் மனைவி ஹேசல் இறங்கினார். அவரும் ஓவியம் தெரிந்தவர். பெரிய தூரிகை ஒன்றைக் கேட்டு வாங்கினார். டர்பன்டைனில் முக்கினார். நீலத்தையும் வெள்ளையையும் குழைத்தார். சரக், சரக் என்று கித்தானில் இழுத்தார். கித்தானுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. பார்த்துக் கொண்டிருந்த சர்ச்சிலின் பயம் அன்றோடு தொலைந்தது.

அடுத்த ஆண்டு பெல்ஜியத்தில் ஒரு பட்டாளத்துக்குத் தலைமை தாங்கினார். போர்முனையிலும் படம் தீட்டினார்.

மகளின் மரணம்

1921-ம் ஆண்டு அவருக்குப் பொல்லாத ஆண்டு. ஜூன் மாதம் தாய் இறந்தார். ஆகஸ்டு மாதம் மகள் மேரிகோல்டு இறந்தாள். குழந்தைக்கு மூன்று வயது கூட நிறையவில்லை. அடுத்த மாதம் சர்ச்சில் ஸ்காட்லாந்துக்குப் போனார். வெயில் நேரத்தில் ஒரு நதிக்கரையில் உட்கார்ந்து அதைப் படமாக வரைந்தார். மகளின் நினைவு வந்து வந்து வாட்டுவதாக மனைவிக்குக் கடிதம் எழுதினார்.

இந்தியாவின் விடுதலையைக் கடுமையாக எதிர்த்தவர் இவர். காந்தியடிகளை இகழ்ந்தவர். அதை நாம் மறக்க முடியாது. ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பனின் துக்கம் யாருக்கும் ஒன்றுதானே!

இரண்டாவது உலக யுத்தம் முழுவதிலும் பிரதம மந்திரி சர்ச்சில் தீட்டியது ஒரே ஒரு படம். 1943 ஜனவரியில் மொராக்கோ நாட்டில், மராகேஷ் நகரத்து மசூதிக் கோபுரத்தையும் அதன் பின்னால் உள்ள பனிமலையையும் தீட்டினார். அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்கு அதைப் பரிசாகக் கொடுத்தார். அதே ஆண்டில்தான் வங்காளத்தில் பஞ்சம் வந்து லட்சக்கணக்கான மக்கள் மடிந்தார்கள்.

தம் படங்களைப் புகழ்வது ஓவியத்துக்காகவா, பதவிக்காகவா? சர்ச்சில் சோதித்துப் பார்த்தார். 1947-ல் டேவிட் வின்டர் என்ற பொய்ப்பெயரில் லண்டன் ராயல் அகாடமிக்குப் படங்கள் அனுப்பினார். இரண்டு படங்கள் தேர்வாயின! மறு ஆண்டு அகாடமி அவருக்குக் கௌரவப் பட்டம் அளித்தது.

1965-ம் ஆண்டு, தொண்ணூறாவது வயதில் சர்ச்சில் காலமானார். அவர் தீட்டிய படங்கள் ஐந்நூறுக்கு மேல். ரூஸ்வெல்ட்டுக்குக் கொடுத்த மராகேஷ் படம் பல கை மாறி, 2021-ல் லண்டனில் ஏலத்துக்கு வந்தது. 80 லட்சம் பவுண்டுக்கு மேல் விலை போயிற்று.