நீலப் பொடி கண்ட டாக்டர்

பிளாஸ்டிக்கில் மின்சாரம் பாயாது. மின்சாரக் கம்பிக்கு மேலே பிளாஸ்டிக் உறை போடுவது அதனால்தான்.

ஆனால் மின்சாரம் பாயும் பிளாஸ்டிக்கும் உண்டு! அதில் ஒரு வகையை 1862-ம் ஆண்டிலேயே ஒரு டாக்டர் செய்துவிட்டார். தாம் செய்தது என்ன என்று அவருக்கே தெரியாது.

அவர் பெயர் ஹென்றி லெதபி. இங்கிலாந்தில் பிளிமத் என்ற துறைமுக ஊரில் 1816-ம் ஆண்டு பிறந்தார். மருத்துவத்தோடு ரசாயனமும் கற்றார். லண்டன் ஆஸ்பத்திரிக் கல்லூரியில் ரசாயனப் பேராசிரியர் ஆனார். நகர சுகாதார அதிகாரி பதவியும் வகித்தார். யாராவது விஷத்தால் இறந்தால், சோதித்துப் பார்த்துக் கோர்ட்டில் சாட்சி சொல்வார்.

நீல உதடுகள்

அப்போது இங்கிலாந்தில் சாய மோகம். 1856-ம் ஆண்டு பெர்க்கின் என்ற 18 வயது வாலிபர், அனிலீன் என்ற எண்ணெய் போன்ற திரவத்திலிருந்து ஊதாச் சாயம் செய்துவிட்டார். உடனே தொழிற்சாலைகள் பெருகின. கூடவே ஆபத்தும் வந்தது. அனிலீன் செய்ய உதவும் நைட்ரோபென்சீனைக் குழாயால் உறிஞ்சி எடுத்த 17 வயதுப் பையனின் வாயில் கொஞ்சம் போய்விட்டது. பிழைக்கவில்லை, பாவம்!

கைகால் உதறும் நோய்க்கு அனிலீன் உப்பை மருந்தாகக் கொடுத்தவர்களும் உண்டு. நோயாளிகளின் உதடும் நகமும் நீலம் பாரித்தன. உடம்புக்குள் அனிலீன் நீலச் சாயமாக மாறுகிறதோ என்று லெதபி சந்தேகித்தார். அதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை தேவைப்பட்டது.

கந்தக அமிலம் கலந்த தண்ணீரில் அனிலீனைக் கரைத்தார். பிளாட்டினத் தகடுகளை வைத்து பாட்டரி மின்சாரம் செலுத்தினார். ஒரு தகட்டில் நீலமும் பச்சையுமாகப் படலம் ஒட்டியது. சுரண்டினால் பொடி. தண்ணீரில் கரையவில்லை. அமிலம் பட்டால் பச்சை. அம்மோனியா பட்டால் நீலம்!

கரைத்த நீரின் மகிமை

இதில் அமிலத் தண்ணீருக்குப் பெரிய பங்கு உண்டு. தனி அனிலீனில் மின்சாரம் சரியாக ஓடாது. அமிலத் தண்ணீரில் ஓடும். அனிலீன் துகள்கள், பூத்தொடுப்பது போல ஒன்றோடு ஒன்று கோர்த்துக்கொண்டு நீண்ட சங்கிலி ஆகும். அந்தச் சங்கிலியில் மின்சாரம் பாயும். அமிலம் இல்லாத தண்ணீரில் செய்தால் மெல்லிய படலத்தோடு வளர்ச்சி நின்றுவிடும், மின்சாரமும் பாயாது. அனிலீனும் தகடும் அதேதான். திரவம் மாறியது, பொருளே மாறிவிட்டது!

லெதபி அந்தப் பொடியில் மின்சாரம் பாய்கிறதா என்று பார்க்கவில்லை. அவர் தேடியது விஷத்தின் தடயம். நீலப் பொருள் ஒன்று கிடைத்தது என்று ரசாயனச் சங்கத்துக்கு எழுதிவிட்டு வேறு வேலையில் இறங்கினார். 1876-ம் ஆண்டு காலமானார்.

1977-ம் ஆண்டு ஹீகர், மக்டயர்மிட், ஷிரகாவா ஆகிய மூவர், வேறொரு பிளாஸ்டிக்கில் மின்சாரம் நன்றாகப் பாய்வதைக் காட்டினார்கள். 2000-ம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார்கள். அவர்களில் மக்டயர்மிட் பிறகு ஆராய எடுத்துக்கொண்டது, அமிலம் பட்டால் பச்சையாகும் லெதபியின் அதே பொடியைத்தான்.